கன்டெய்னர் வீட்டுக்கு சோலார் போடுறது எப்படி? பேனல்ல ஆரம்பிக்காதீங்க

தோட்டத்துல 20 அடி கன்டெய்னரை இறக்கி வீடாக்கியாச்சு, கரண்ட்டுக்கு என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்களுக்கு இது. பக்கத்துலயே ஈபி கம்பம் இருந்தா பேசாம கனெக்‌ஷன் வாங்கிடுங்க, ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட் ஃப்ரீ, பேட்டரிக்குப் போடுற காசு திரும்பி வரவே வராது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா தர்ற பிஎம் சூர்ய கர் மானியமும் ஈபி லைனோட சேர்ந்த சோலாருக்குத்தான். கம்பம் ரொம்ப தூரம்னா மட்டும் மேல படிங்க.

முதல்ல சூட்டைக் குறைங்க. இரும்புப் பொட்டி சார் அது, மே மாச மதியம் உள்ள உக்கார முடியாது. உள்பக்கம் 2 இன்ச் பஃப் பேனல் (நுரை அடைச்ச, சூடு தடுக்குற பலகை), மேல வெள்ளை கூலிங் பெயிண்ட், எதிரெதிரா ஜன்னல். இதைப் பண்ணாம ஏசி மாட்டினா 1 டன் இன்வெர்ட்டர் ஏசியே ஒரு ராத்திரிக்கு 5 யூனிட் இழுக்கும்.

அடுத்து கணக்கு. வாட்டை மணி நேரத்தால பெருக்கி 1000-ல வகுத்தா யூனிட். கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ரெண்டு 12 மணி நேரம் ஓடினா 0.72 யூனிட், நாலு எல்இடி, சின்ன ஃப்ரிட்ஜ், லேப்டாப், போன் எல்லாம் சேர்த்தாலும், ஏசி இல்லாம, ரெண்டு ரெண்டரை யூனிட்ல நிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும், அதனால 540 வாட் பேனல் ரெண்டு போதும்.

மாட்டும்போது கூரைத் தகட்டுல மட்டும் ஓட்டை போடாதீங்க, 2 மில்லிதான், மழைக்கு ஒழுகும். நாலு மூலையில இருக்குற கனமான காஸ்டிங்லதான் (வார்ப்பு இரும்புக் கட்டை) பலமே இருக்கு, ஃப்ரேமை அங்க பிடிங்க, தெற்கு பார்த்து 10, 12 டிகிரி சாய்வு, கூரைக்கும் பேனலுக்கும் ஒரு அடி இடைவெளி விட்டா அந்த நிழல்லயே உள்ள சூடு குறையும். தென்னை நிழல் விழக்கூடாது.

பேட்டரி 48 வோல்ட் 100 ஏஎச் லித்தியம், சுமார் 5 யூனிட் பிடிக்கும், வானம் மூடாக்கு போட்டா ஒன்றரை நாள் ஓடும். டியூபுலர் (ஆசிட் ஊத்துற பேட்டரி) விலை கம்மிதான், ஆனா சார்ஜைப் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும்.

கடைசியா எர்த். இதுல நான் ஏமாந்தேன். தகட்டை அறுத்த ஓட்டையில ரப்பர் புஷ் போடாம ஒயரை இழுத்துட்டேன், விளிம்பு இன்சுலேஷனை அறுத்துடுச்சு, ஒரு காலைல ஈரக் காலோட கதவைத் தொட்டா சுள்ளுன்னுச்சு, டெஸ்டரை வெச்சா கைப்பிடில லைட் எரியுது! வீடு மொத்தமும் இரும்பு, எங்க லீக் ஆனாலும் எல்லா பக்கமும் வரும். எர்த் ராடு இறக்கி பாடியோட போல்ட் பண்ணுங்க, லீக் ஆனா கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போடுங்க, இன்வெர்ட்டர் நியூட்ரலை எர்த்தோட எங்க சேர்க்கணும்னு மேனுவல் பார்த்து எலக்ட்ரீசியனையே பண்ணச் சொல்லுங்க. அந்த நியூட்ரல்-எர்த் இணைப்பு இல்லன்னா டெஸ்ட் பட்டனை அமுக்கினா ஆர்சிசிபி விழும், பாடில லீக் ஆனா விழாது.