இளம் பாயிண்ட் கார்டுகளைப் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் செந்தூலில் ஏதாவது ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தால், அமெரிக்காவில் வெள்ளி இரவு நடக்கும் என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்தை ரொட்டி சானாயோடு நேரலையில் பார்க்கலாம். கோலாலம்பூரில் கூடைப்பந்து என்றாலே சீனப் பள்ளிகளும் ஹங் ஜெபாட் சாலையில் இருக்கும் மாபா அரங்கமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் நம் பிள்ளைகளிலும் இந்த ஆட்டத்தில் ஊறியவர்கள் உண்டு. எங்கள் மேசையில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: பந்தைக் கொண்டுவந்து அணியின் ஆட்டத்தை நடத்தும் இளம் பாயிண்ட் கார்டுகளில் யாருக்கு எதிர்காலம் அதிகம்?

முதல் சறுக்கல், கேள்வியையே முடிவு செய்யாமல் வாதத்தைத் தொடங்குவது. எதிர்காலம் என்று ஒருவர் சொல்லும்போது பருவத்தின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை நினைக்கிறார், இன்னொருவர் சாம்பியன் மோதிரத்தை, மூன்றாமவர் பதினைந்து வருடம் தாக்குப்பிடிப்பதை. கிறிஸ் பால் 12 முறை ஆல் ஸ்டார் (பருவத்தின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்), ஆனால் மோதிரம் இல்லை. கைல் லௌரி டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 24ஆவது ஆளாகத் தேர்வாகி, 2019இல் டொராண்டோவோடு கோப்பையைத் தூக்கினார். இருவரில் யாருடைய எதிர்காலம் பெரியது என்பது, நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை முதலிலேயே பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கிறிஸ் பால் பெயரைச் சொன்ன பிறகு டெரன் வில்லியம்ஸை விட்டுவிட முடியாது. 2005 டிராஃப்டில் டெரன் மூன்றாவது, பால் நான்காவது. எங்கள் தலைமுறைக்கு இதுதான் பெரிய வழக்கு. டெரன் ஆறடி மூன்று அங்குலம், தோள் பலம் உள்ளவர், நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் பாலைப் பல முறை வென்றவர். பால் ஆறடிதான். "அந்த உடம்பை வச்சுக்கிட்டு எத்தனை வருஷம் ஓடுவான்?" என்று அப்போது சவால் விட்ட அண்ணன் ஒருவர் இன்றும் எங்கள் மேசைக்கு வருகிறார். கணுக்கால் காயங்கள் டெரனைத் தின்றன. மூன்று ஆல் ஸ்டாரோடு, 2017 இறுதிச் சுற்றோடு அவர் பயணம் முடிந்தது. பால் அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டே இருந்து, 2024 டிசம்பரில் மொத்த அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்) கணக்கில் ஜேசன் கிட்டைத் தாண்டி, ஜான் ஸ்டாக்டனுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்.

இங்கே எதைத் தவறவிட்டோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யார் பலசாலி என்று பார்த்தோம். வேகமும் பலமும் குறைந்த பிறகு அவன் கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்கவில்லை. பாயிண்ட் கார்ட் விஷயத்தில் எனக்கு இப்போது இதுதான் முதல் கேள்வி. மற்ற தவறுகளில் பலவும் இதைக் கேட்காததால் வருபவைதான்.

காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு அடிபட்டால் உடனே அவன் கதை முடிந்தது என்கிறோம், அல்லது காயமே கணக்கில் இல்லாததுபோல் பேசுகிறோம். 2011–12 பருவத்தில் ஸ்டெஃபன் கர்ரி கணுக்கால் தொல்லையால் 26 ஆட்டங்கள்தான் ஆடினார். அந்த மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் நிர்வாகம், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான மோன்டா எல்லிஸை அனுப்பிவிட்டு கர்ரியை வைத்துக்கொண்டது. சில நாள்களில் நடந்த விழா ஒன்றில் அணி உரிமையாளர் ஜோ லேக்கப்பைப் பேசவிடாமல் அரங்கமே கூச்சலிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கர்ரிக்கு நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கணுக்கால் மேல் இருந்த பயத்தில் அது குறைவான தொகையாக அமைந்தது. அப்புறம் 2015இலும் 2016இலும் எம்விபி, இரண்டாவது முறை முதலிட வாக்கு ஒன்றுகூட வேறு யாருக்கும் போகவில்லை. கோப்பைகள் நான்கு.

டெரிக் ரோஸ் 2011இல் 22 வயதில் எம்விபி ஆனார். அந்த விருதை வாங்கியவர்களில் அவரைவிட இளையவர் கிடையாது. 2012 ஏப்ரலில் பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆல் ஸ்டார் ஆகவே இல்லை. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

இருவருக்கும் கால்தான் சோதனை. ஆனால் ரோஸின் ஆட்டம் முழுக்க அந்த வெடிப்பான முதல் அடியின் மேல் நின்றது. கர்ரியின் ஆட்டம் மணிக்கட்டில் இருந்தது. ஆகவே ஓர் இளைஞனுக்குக் காயம் என்றால், எந்த உறுப்பு என்பதோடு, அவன் ஆட்டம் எதன் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியானாவின் டைரிஸ் ஹாலிபர்ட்டனுக்கு 2025 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்தபோது எங்கள் மேசையில் அவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். நான் அடிக்கவில்லை. அவருடைய பிழைப்பு கண்ணிலும் கையிலும் இருக்கிறது.

அடுத்தது எண்கள். மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் தன் முதல் என்பிஏ ஆட்டத்தில், அதுவும் நடப்புச் சாம்பியன் மயாமிக்கு எதிராக, 22 புள்ளி, 12 அசிஸ்ட், 9 ஸ்டீல் (பந்துப் பறிப்பு) எடுத்தார். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஆனால் அந்த ஃபிலடெல்ஃபியா 82 ஆட்டத்தில் 19ஐ மட்டும் வென்ற அணி. வேகவேகமாகப் பந்தை ஓட்டி, கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்த அணி. அப்படிப்பட்ட இடத்தில் பந்து யார் கையில் இருந்தாலும் எண்கள் ஏறும். அடுத்த பருவத்தின் நடுவிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள், ஆல் ஸ்டார் பக்கம் அவர் போகவே இல்லை.

அசிஸ்ட் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு. நீ கொடுத்த பாஸை அடுத்தவன் போட்டால்தான் அது அசிஸ்ட். நல்ல ஷூட்டர்கள் இல்லாத அணியில் அருமையான பாஸ்கள் எழுத்தில் வராமலே போகும். அதனால் நான் முதலில் டர்ன்ஓவரைப் பார்ப்பேன், எத்தனை முறை பந்தைத் தொலைக்கிறான், எந்த நேரத்தில் தொலைக்கிறான் என்று. 2025 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் நியூயார்க்குக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடித்தது) எடுத்தார். டர்ன்ஓவர் பூஜ்யம். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான், பெயர் வெளியிடாமல் வீரர்களிடமே எடுத்த வாக்கெடுப்பில் அவரை "தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர்" என்று முதலிடத்தில் வைத்திருந்தார்கள். களத்தில் நிற்கிறவர்களுக்கே தவறும்போது, நாம் கொஞ்சம் நிதானித்துப் பேசுவது நல்லது.

வயதை மறப்பது இன்னொன்று. 2018இல் டாலஸுக்கு லூகா டோன்சிச்சும் ஜேலன் பிரன்சனும் ஒன்றாக வந்தார்கள். ஒருவருக்கு 19, மற்றவருக்கு 22. பத்தொன்பது வயதில் ஒருவன் செய்வதையும் இருபத்திரண்டில் ஒருவன் செய்வதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் 22 வயதுக்காரன் இனி வளரமாட்டான் என்று முடிவு கட்டுவதும் தப்பு. பிரன்சன் 33ஆவது தேர்வு, டோன்சிச்சின் நிழலில் இருந்தவர். 2022 பிளேஆஃபில் டோன்சிச் காயத்தில் உட்கார்ந்தபோது யூட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 41 புள்ளி எடுத்தார். அந்தக் கோடையில் நியூயார்க் போனார், 2024இல் ஆல் ஸ்டார். ஸ்டீவ் நாஷ் முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு மூன்று புள்ளிச் சொச்சம் எடுத்தவர், எம்விபி ஆனபோது வயது 31. ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் முதல் பருவத்தில் 10.8 புள்ளி, 2025இல் எம்விபியும் கோப்பையும். பாயிண்ட் கார்ட் என்பது மெதுவாகப் பழுக்கும் இடம். மற்ற நான்கு பேரும் எங்கே நிற்பார்கள் என்று மனதுக்குள் வரைபடம் போட வருடங்கள் ஆகும்.

கைப்பேசித் துணுக்குகளை நம்பாதீர்கள் என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. முப்பது விநாடியில், பந்தைச் சட்டென்று மறுகைக்கு மாற்றி எதிராளியை நிலைகுலைய வைக்கும் கிராஸ்ஓவர் தெரியும், அதற்கு முந்திய ஐந்து முறை அவன் மூலையில் காலியாக நின்ற நண்பனைப் பார்க்காமல் விட்டது தெரியாது. ஒரு முழு நான்காம் கால்பகுதியைப் பாருங்கள், போதும். கூட்டாளி ஒருவன் டிஃபெண்டரை மறித்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் வரும்போது பந்தை விட்டுவிட்டு அவன் தலையைக் கவனியுங்கள். உதவிக்கு வரும் டிஃபெண்டர் எந்தப் பக்கத்திலிருந்து நகர்கிறான் என்பதை அவன் முன்கூட்டியே பார்க்கிறானா?

ஞாயிறு மாலைகளில் எங்கள் அடுக்குமாடியின் கோர்ட்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அங்கேயும் இதே தவறுகள்தான். அதிகப் புள்ளி போடுகிற பையனையே பெற்றோர் பாயிண்ட் கார்ட் என்கிறார்கள். பதின்மூன்று வயதில் ஒருவன் வந்தான், குள்ளம், ஷாட்டும் கிடையாது. ஆனால் தண்ணீர் குடிக்க நிறுத்தும்போது, யார் எங்கே நின்றிருந்தார்கள் என்று கேட்டால் ஒன்பது பேரையும் சொல்வான். இன்று பதினைந்து வயதில் எங்கள் அணியை ஓட்டுவது அவன்தான்.

கடைசியாக ஒன்று: சொன்னதை எழுதி வைக்காமல் இருப்பது. எழுதாவிட்டால் இரண்டு வருடம் கழித்து எல்லாரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். இப்போது எங்கள் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், மூன்று காரணம், எது நடந்தால் மனதை மாற்றிக்கொள்வேன் என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து. என் பக்கத்தில் டெட்ராய்ட்டின் கேட் கன்னிங்ஹம். ஆறடி ஆறு உயரம், அவசரமில்லாத நடை, 2024–25 பருவத்தில் ஆட்டத்துக்கு 26.1 புள்ளியும் 9.1 அசிஸ்டும். மாற்றிக்கொள்ளும் வரியில் எழுதியிருப்பது: அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 4.4 டர்ன்ஓவர், 2028க்குள் அது மூன்றரைக்குக் கீழே இறங்காவிட்டால் வேறு பெயர். நோட்டு கடைக்காரரிடம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது.