ஏர் ரைபிளுக்கு ஸ்கோப்பா, ஓப்பன் சைட்டா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஏர் ரைபிள் பழக வரும் பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது ஸ்கோப்புக்குத்தான், அதாவது ரைபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு. 10 மீட்டர் போட்டிதான் நோக்கம் என்றால் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். அதில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட் மட்டும்தான். அட்டையின் நடுவில் 10 மதிப்பெண் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், அதைப் பீப் சைட்டிலேயே அடிக்கிறார்கள்!

தோட்டத்தில், பின்னால் நல்ல மண்மேடு வைத்து, 25 மீட்டரில் தகர டப்பா அடிக்க ஸ்கோப் சரி. ஆனால் ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னுக்கும் முன்னுக்கும் உதறும். சாதாரண ஸ்கோப் அதில் சீக்கிரம் கெட்டுப்போகும். ஏர் ரைபிளுக்கென்றே செய்ததாக, 10 மீட்டரிலும் தெளிவாகத் தெரிவதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டின் திருகுகளை அடிக்கடி சரிபாருங்கள்.

அப்புறம், ஓப்பன் சைட்டை, அதாவது லென்ஸ் இல்லாத முன்குறியையும் பின்குறியையும், கழற்றி எறிய வேண்டாம். ஆனி, ஆடிச் சாரலில் லென்ஸ் மேல் பொடித்துளி படிந்தால் ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. ஓப்பன் சைட்டில் பார்வை முன்குறியின் நுனியில் நிற்கட்டும். டப்பா கொஞ்சம் மங்கலாகத் தெரிவதுதான் முறை. ஸ்கோப் மாட்டும் முன்பே ஓப்பன் சைட்டில் சுட்டுப் பார்த்துச் சரிசெய்து வைத்துவிடுங்கள்.