டிசைன் வேலைகளுக்கு ஸ்டோரேஜ், பேக்கப்: நான் செய்து பார்த்துச் சரிவந்த முறை

போன வருடம் ஒரு குடும்பத்தினர் தங்கள் தகப்பனாரின் 31ஆம் நாள் நினைவு மலரை மறுபடி அச்சடிக்கக் கேட்டார்கள். ஆண்டுத் திவசத்துக்கு கனடாவில் இருந்து சொந்தக்காரர் வருவதால் இன்னும் 100 பிரதி வேண்டுமாம். பேக்கப் டிஸ்க்கில் இன்டிசைன் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்பு பத்திரமாக இருந்தது. திறந்தால், படங்கள் எல்லாம் மங்கலான முன்னோட்டங்கள். தேவாரப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். படங்களை பழைய லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்து நேராக இணைத்திருந்தேன். அந்த லேப்டாப்பை ஃபார்மட் செய்தாகிவிட்டது. எழுத்துரு பாமினி வகையில் ஒன்று, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய வகை. அதையும் எடுத்து வைக்கவில்லை. அய்யாவின் கடைசிப் படம் அந்த வீட்டு அம்மாவின் பழைய போனோடு போய்விட்டது. அச்சான பிரதி ஒன்றை ஸ்கேன் செய்துதான் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் அதைச் சொன்ன நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஏற்படுத்திக்கொண்ட முறை இது.

1. எவ்வளவு இடம் வேண்டும்?

கடந்த ஒரு வருட வேலைகள் மொத்தம் எத்தனை ஜிபி என்று பாருங்கள். அதை மூன்றால் பெருக்கி, அந்த அளவுக்கு டிஸ்க் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: ஏ3 அளவில் 300 டிபிஐ, சிஎம்வைகே (அச்சுக்கான நான்கு நிற முறை) என்றால் முழுப் பக்க லேயர் ஒன்றே நினைவகத்தில் ஏறக்குறைய 70 எம்பி பிடிக்கும். கோயில் திருவிழா பேனர் செய்பவர்களுக்கு போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பின் 2 ஜிபி எல்லை சீக்கிரமே வந்துவிடும். அப்போது பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி ஆகச் சேமிக்க வேண்டும்.

2. என்ன வாங்குவது?

கணினிக்குள் எஸ்எஸ்டி. நடப்பு வேலைகள் மட்டும் அதில் இருக்கட்டும். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள், போட்டோஷாப்புக்கு ஸ்கிராட்ச் (வேலை நடக்கும்போது தற்காலிகமாக எழுதும்) இடம் வேண்டும். பேக்கப்புக்கு சாதாரண 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒரு 4 டிபி டிஸ்க்கை விட இரண்டு 2 டிபி டிஸ்க் நல்லது என்பது என் உறுதியான கருத்து. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். வாரன்டி டிஸ்க்கை மாற்றித் தரும், உள்ளே இருந்ததைத் தராது. பென் டிரைவை பேக்கப்பாக நினைக்கவே வேண்டாம்.

3. ஒரு வேலை, ஒரு ஃபோல்டர்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

வேலை வந்ததும் முதலில் ஃபோல்டரைத் திறந்துவிடுங்கள். பெயரில் ஆண்டும் மாதமும் முன்னால் வரட்டும்: ‘2025-03-நினைவுமலர்-வத்தளை’ என்பது போல. உள்ளே நான்கு ஃபோல்டர்: வந்தவை, வேலை, எழுத்துரு, அச்சுக்கு. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை முதலில் ‘வந்தவை’க்குள் போட்டு, அங்கிருந்துதான் டிசைனுக்குள் இழுக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்தோ டவுன்லோட்ஸில் இருந்தோ இழுத்தால், படம் எங்கே கிடக்கிறது என்ற முகவரி மட்டும்தான் டிசைன் கோப்பில் பதியும். படம் அங்கேயே கிடக்கும், பேக்கப்புக்கு வராது.

வேலை முடிந்ததும் இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘பேக்கேஜ்’ கொடுங்கள். இணைத்த படங்களையும் எழுத்துருக்களையும் அதுவே பிரதி எடுத்துச் சேர்க்கும். கோரல்டிராவில் ‘கலெக்ட் ஃபோர் அவுட்புட்’ அதே வேலையைச் செய்யும். ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நான் கையாலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். யூனிகோட் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்றில் வாசிக்கவாவது முடியும்; பாமினி இல்லாவிட்டால் ஒரு சொல்லும் தமிழாகத் தெரியாது. அப்புறம், எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிய (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிய) பிடிஎஃப் ஒன்றை ‘அச்சுக்கு’ ஃபோல்டரில் போடுங்கள். எது உடைந்தாலும் அதைக் கொண்டு அச்சடிக்கலாம்.

4. பிரதி எடுப்பது

விண்டோஸில் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் எனக்குப் பிடித்தது. அதில் ‘மிரர்’ என்ற தெரிவில் கவனம்: கணினியில் அழிந்தது பேக்கப்பிலும் அழியும். ‘அப்டேட்’ போதும். மேக் என்றால் டைம் மெஷின், வேறு யோசனை வேண்டாம்.

முதல் டிஸ்க்கில் தினமும் வேலை முடிந்ததும் பிரதி எடுத்து, உடனே வயரைக் கழற்றிவிடுவேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. செருகியபடி விட்ட டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் விட்டுவைக்காது. இரண்டாவது டிஸ்க் வெள்ளவத்தையில் என் வீட்டில் இல்லை, வத்தளையில் அக்கா வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்வேன். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் திருட்டோ தீயோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கிளவுடில் எல்லாவற்றையும் ஏற்ற முயல வேண்டாம். அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற ஏறக்குறைய 45 மணி நேரம். நடப்பு வேலைகளும் அச்சு பிடிஎஃப்களும் மட்டும் போதும்.

5. திறந்து பாருங்கள்

மாதம் ஒரு பழைய வேலையை எடுத்து, வேறொருவரின் கணினியில் பேக்கப்பில் இருந்து திறவுங்கள். உங்கள் கணினியில் பார்த்துப் பயனில்லை, எழுத்துரு ஏற்கெனவே அதில் ஏற்றப்பட்டிருக்கும். நான் கொட்டாஞ்சேனையில் வழமையாகக் கொடுக்கும் அச்சகத்தில் அண்ணையிடம் கேட்டு அவருடைய கணினியில் பார்ப்பேன். பத்து நிமிட வேலை.

பிற்சேர்க்கை: இதை வாசித்த ஒரு தங்கச்சி, இடம் போதாமல் கூகுள் டிரைவோடு இணைந்த ஃபோல்டரை லேப்டாப்பில் அழித்ததாகவும் கிளவுடிலும் காணவில்லை என்றும் எழுதியிருந்தார். இணைந்த ஃபோல்டரில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் போகும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். உடனே போய் எடுக்கச் சொன்னேன், கிடைத்துவிட்டது.

இன்னொருவருக்கு அச்சகத்தின் மேக்கில் டிஸ்க் திறந்தது, ஆனால் எதையும் அதில் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகி இருந்ததுதான் காரணம். விண்டோஸ், மேக் இரண்டிலும் பாவிப்பதென்றால் புது டிஸ்க்கை எதையும் போடுவதற்கு முன்பே எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். வேலைகளைப் போட்ட பிறகு ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும்.