வீட்டுக் காரை ட்ராக்குக்குத் தயார் செய்யும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே (சொந்தக் காரைக் கொண்டுபோய் ட்ராக்கில் ஓட்டும் நாள்) என்றால் நான் முதலில் பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். ஒரு காலத்தில் நாங்கள் பணத்தைக் கொட்டிய அதே வழியில்தான் இப்போது வரும் தம்பிகளும் கொட்டுகிறார்கள். ஹெல்மெட், டயர் காற்று எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பவரில் ஆரம்பிப்பது

கையில் காசு வந்ததும் முதலில் ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவரை ஏற்றுவது. பவர் கூடினால் ஸ்ட்ரெய்ட்டில் வேகம் கூடும், சரி. அந்த வேகத்தை அடக்க வேண்டியது பிரேக்தானே? டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடும். இரண்டு வருடமாக மாற்றாத ஃப்ளூயிட்டோடு இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் விரட்டினால், சில லேப்பிலேயே பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி ஸ்பீட்வே இன்னும் சின்னது. அங்கே பிரேக் ஆற நேரமே கிடைக்காது. முதல் செலவு ஃப்ளூயிட்டுக்கும் பிரேக் பேடுக்கும்தான்.

தினசரி காரைப் பாதி ரேஸ் காராக்குவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத தவறு இது. பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. போரூரில் வீடு, ஓ.எம்.ஆரில் வேலை, டர்போ பெட்ரோல் போலோ, லோன் இன்னும் முடியவில்லை. முதலில் ரீமேப். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார் என்று எக்ஸாஸ்ட். வளைவில் கார் சாய்கிறது என்று கோய்லோவர், அதாவது காரைத் தாழ்த்தும் விறைப்பான சஸ்பென்ஷன். அப்புறம் ரேஸ் பேட். ஒவ்வொன்றும் தனித்தனி பில் என்பதால் மொத்தக் கணக்கு கண்ணில் படவே இல்லை. கூட்டிப் பார்த்தபோது, ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்விஃப்ட்டும் அதற்கு ஒரு செட் டயரும் வாங்கியிருக்கலாம்.

பணம் போனது ஒரு பக்கம். தாழ்ந்த காரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. முதுகு வலிக்கிறது என்று அவர் அம்மா அந்தக் காரில் ஏறுவதையே விட்டுவிட்டார். ரேஸ் பேட் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் சைக்கிளில் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால், அந்தக் குளிர்ந்த பேடை நம்பித்தான் மிதிக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான்.

சரி, ட்ராக்கிலாவது பலன் உண்டா? வளைவுக்கு வெகுமுன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், “திங்கட்கிழமை இதே வண்டியிலதான் ஆபீஸ் போகணும்ணே, இ.எம்.ஐ. வேற ஓடுது” என்பார். நியாயமான பயம். அந்தப் பயம் இருக்கும்வரை கோய்லோவர் போட்டும் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கடைசியில் விற்கப் போனபோது, மாடிஃபை செய்த கார் என்று தெரிந்ததுமே வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ரோட்டில் ஓடும் காருக்கு ரோல் கேஜ்

காருக்குள் பொருத்தும் அந்த இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலை இரும்புக் குழாயில் மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸை நம்புவது

ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங் இரண்டும் சாதாரண பாலிசியில் விலக்கு. ட்ராக்கில் இடித்தால் கைக்காசுதான்.

இரண்டாவது காரைக் கனவுக் காராக வாங்குவது

தினசரி காரை மாற்றாமல், ட்ராக்குக்கென்றே தனியாக ஒரு பழைய கார் வாங்குவது நல்லதுதான். ஆனால் பார்ட்ஸ் கிடைக்காத இறக்குமதிக் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கும். ஆயிரம் கிலோவை ஒட்டிய ஸ்விஃப்ட் போன்ற கார் போதும். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது, பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். வாங்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்: 15 வருடம் தாண்டியிருந்தால் எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். ரோட்டில் ஓட்டத் தகுதியில்லாத கார் என்றால் ஒவ்வொரு முறையும் ஃப்ளாட்பெட் லாரி வாடகை கொடுத்துத்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

சூடான காருக்குக் கை பிரேக்

ட்ராக்கில் ஓட்டி வந்து நிறுத்தும்போது போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஒன்றிரண்டு முறைக்காக இரண்டாவது கார்

வருடத்துக்கு ஓரிரு தடவை மட்டுமே போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் தினசரி காரை அப்படியே கொண்டுபோங்கள். புது ஃப்ளூயிட், தேயாத நல்ல பேட், மூன்று நான்கு லேப் ஓட்டியதும் பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு மெதுவான லேப், அப்புறம் பிட்டுக்குள் வந்து பானட்டைத் திறந்து ஆறவிடுங்கள்.