வெயிலில் ஆடிய வைப்பர்

பாரிஸில் 11 ஆண்டுகள் வலப்பக்கமாகவே ஓட்டிவிட்டுப் புதுச்சேரி திரும்பியதும், பழைய கார் ஒன்றை வாங்கினேன். இங்கே இடப்பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்ததுதான். கையின் பிடிவாதம்தான் தெரியாதது. அரியாங்குப்பத்தில் திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டேன். கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. அங்கே இண்டிகேட்டர் இடக்கையில், இந்தக் காரிலோ வலக்கையில். “மழை எங்கே பெய்கிறது தம்பி?” என்றார் பக்கத்தில் இருந்த மாமா.

அன்றிரவே வைப்பர் தண்டில் சணல் கயிறு சுற்றினேன். தொட்டவுடன் உறுத்தும், கை பின்வாங்கும். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

பக்கம் குழம்பியதற்கு வேறு வழி. பெரும்பாலான நாடுகளில் ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே அமர்ந்திருப்பார். திருப்பங்களில் ‘கோடு என் தோள் பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். விடியற்காலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக முள்ளோடை வரை பத்து நாள் ஓட்டினேன். ஆடுகள் மட்டும் என் முணுமுணுப்பைக் கேட்டன.

உரிமம் தனிக்கதை. காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்ததால் மீண்டும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சோதனை நாளில் கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டேன். ஆய்வாளர் அதையே பார்த்தார், கேட்கவில்லை.