இருமும் குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி

சளி பிடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். நிமோனியாவாக மாறுவது சிலருக்குத்தான். அந்தச் சிலர் யார் என்பதை இருமல் சத்தத்தையோ நெஞ்சில் கேட்கும் கர்கர் ஒலியையோ வைத்துச் சொல்ல முடியாது. மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, உள்ளே இழுக்கும்போது கீழ்விலா என்ன செய்கிறது என்ற இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும். பார்க்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம், நொடி காட்டும் கடிகாரம் போதும்.

எண்ணும்போது குழந்தை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. இரண்டிலும் மூச்சின் கணக்கு மாறிவிடும். தூங்கினால் எழுப்பாதீர்கள், எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. மூக்கு அடைத்திருந்தால் சலைன் சொட்டு விட்டு, சளியைத் துடைத்துவிட்டு எண்ணுங்கள்.

காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும். அதனால் 2 மாதம் தாண்டிய குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் மறுபடி எண்ணலாம். 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. என்றால், 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதே மருந்து சொட்டு பாட்டிலில் 1 மில்லிக்கே 100 மி.கி. இருக்கும், அதில் 1.2 மில்லிதான் அளவு. லேபிளைப் பார்க்காமல் சொட்டு மருந்தைச் சிரப் அளவில் ஊற்றினால் கல்லீரலுக்கே ஆபத்து. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிட்டு, தொப்புளுக்கு மேலே ஓர் இடத்தில் கண்ணை வையுங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவதும் தவறு. சின்னக் குழந்தைகள் கொஞ்சம் வேகமாக மூச்சுவிட்டு, நடுவே நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். முழு 60 நொடி எண்ணினால்தான் சரியாக வரும். நடுவே திமிறினால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை வந்தால் வேகம்? 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50, ஒன்றிலிருந்து 5 வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணி உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது விலா. பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான், மூச்சின் வேகத்தைவிட மோசமான அறிகுறியும் இதுதான். குழந்தையை மடியில் நேராக மல்லாத்திப் படுக்க வையுங்கள். இடுப்பு மடங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். மூச்சை உள்ளே இழுக்கையில் நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்புவது இயல்பு. நுரையீரல் இறுகிப்போனால் வயிறு மட்டும் எழும்பும், விலாவின் கீழ் ஓரம் உள்ளே போய் வயிற்றுக்கு மேலே ஒரு வரிப்பள்ளம் விழும். ஒவ்வொரு மூச்சுக்கும், அமைதியாக இருக்கும்போதும் விழுந்தால்தான் அது கணக்கு. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் மட்டும் லேசாக உள்வாங்குவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நெஞ்செலும்பு மிருதுவானது, லேசான பள்ளம் இயல்பாகவே விழும். ஆழமாக, பார்த்ததும் தெரிகிற மாதிரி விழுந்தால் ஆபத்து.

சத்தத்தையும் கவனியுங்கள். வெளியே விடும்போது விசில் போல வந்தால் வீசிங். அமைதியாக இருக்கும்போதே உள்ளே இழுக்கையில் கரகரவென்று வந்தால் தொண்டைப் பகுதியில் அடைப்பு, அதற்குக் காத்திருக்கவே கூடாது. பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறது அல்லது தலை ஆடுகிறது, நாக்கு நீலம் பூத்திருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிராமல் 108ஐக் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தைக்கு இருமலே இல்லாமலும் நிமோனியா வரும். உடம்பு சில்லிட்டுப் போய், பால் குடிப்பது குறைவதே முதல் அடையாளமாக இருக்கலாம். பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி பிஞ்சு விரலில் சரியாக உட்காராது, அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

மாந்தம் என்று எண்ணி மருந்து உரைத்துக் கொடுத்து ஒரு நாளைக் கழிப்பது, போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது, கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தேய்க்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். இருமல் 2 வாரம் தாண்டினால் காசநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது எண்ணியதைச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: "வயது 9 மாதம், மதியம் 2 மணி, தூக்கத்தில் 54, காய்ச்சல் இல்லை, விலாவில் பள்ளம் இல்லை." கிளினிக் கூட்டத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது டாக்டரால் எண்ண முடியாமல் போகிற கணக்கு இது.