பலகை இல்லாத கரையெல்லாம் குளிக்கிற கரை இல்லை

நகரத்துக்குள் இருக்கும் ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ, வெயில் நாளில் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான இடமாகத்தான் தெரியும். படிக்கட்டு இருக்கிறது, நாலு பேர் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், "குளிக்காதீர்" என்று பலகையும் இல்லை. சரி, நீந்த இறங்கலாம், தூண்டில் போடலாம் என்று தோன்றிவிடும். முதல் தவறே அதுதான்.

பல ஊர்களில் கரை ஒருவர் பொறுப்பு, தண்ணீர் இன்னொருவர் பொறுப்பு, மீன் மூன்றாமவர் பொறுப்பு. நடைபாதையையும் பூங்காவையும் மாநகராட்சி பார்க்கும், படகு ஓடும் வழியைத் துறைமுக நிர்வாகம் பார்க்கும், மீன் விவகாரம் வேறொரு துறையிடம் இருக்கும். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டும்தான் பலகை நடுவார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் பட்னி பாலம் முதல் கிராஸ்னஸ் வரை, துறைமுக அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் நீந்தக் கூடாது. அந்த நீளம் முழுக்கப் படகுப் போக்குவரத்து. போதாததற்குக் கடல் ஏற்ற வற்றத்தில் தண்ணீர் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். பட்னிக்கு மேற்கே போனால் அந்தத் தடை கிடையாது. ஒரே ஆறுதான், ஒரு பாலம் தாண்டினால் விதி மாறிவிடுகிறது. அதனால் பலகையைத் தேடுவதோடு நிறுத்தாமல், இந்த இடம் யார் பொறுப்பு, எதிலிருந்து எதுவரை என்று நகராட்சி இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த தவறு, மற்றவர்கள் நீந்துகிறார்களே என்று குதிப்பது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கோடை மாலையில் ரைன் ஆற்றில் நூற்றுக்கணக்கான தலைகள் மிதந்துபோவதைப் பார்க்கலாம். துணிமணியை மீன் வடிவத் தண்ணீர் புகாத பையில் சுருட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தோடு போவார்கள். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கூர்ந்து பார்த்தால் எல்லாத் தலைகளும் ஒரே கரையோரமாகத்தான் போகும். கிளைன்பாசல் என்ற பகுதி இருக்கும் கரைப் பக்கம் மட்டும்தான் நீந்துபவர்களுக்கு, மற்ற பக்கம் சரக்குக் கப்பல்களுக்கு. பாலத் தூண்களையும் கட்டிப்போட்ட படகுகளையும் நெருங்காமல் விலகிப் போக வேண்டும், ஏனென்றால் ஓட்டம் ஆளைத் தூணோடு அழுத்திவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழக்கத்தில் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் எதிர்க் கரையிலிருந்து குதித்துவிட்டு, "எல்லோரும்தானே நீந்தினார்கள்" என்பார்.

மழையைக் கணக்கில் எடுக்காததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் கருத்து. பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால் உபரி நேராக ஆற்றில்தான் விழும். மறுநாள் வெயில் அடிக்கும், தண்ணீர் தெளிவாகவே தெரியும், கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பாரிசில் சேன் ஆற்றில் நீந்த 1923இல் தடை போட்டார்கள். மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறக்க 2025 ஜூலை ஆகிவிட்டது. நடுவே பெருஞ்செலவில் மழைநீர்த் தொட்டிகள் கட்டினார்கள், அப்படியும் 2024 ஒலிம்பிக்கில் மழை பெய்ததும் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) போட்டியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. கோபன்ஹேகனில் 2002இல் திறந்த துறைமுக நீச்சல் குளத்தையும் கழிவுநீர் கலந்தால் மூடிவிடுவார்கள். நேற்று திறந்திருந்தது என்பதற்காக இன்றும் திறந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இறங்காமல் இருப்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழைநீர் வடிகால் வாய்க்குப் பக்கத்தில் என்றால், எந்த நாளிலும் வேண்டாம்.

கொடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பார்கள். முழுச் சிவப்பு என்றால் இறங்காதீர்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி என்றால் அலையில் பலகைச் சவாரி செய்பவர்களுக்கான இடம், நீச்சலுக்கு இல்லை. அப்புறம், பாலத்திலிருந்து தலைகீழாகப் பாய்வது. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று வற்றத்தில் இடுப்பளவுதான் இருக்கலாம், அடியில் சைக்கிளோ கம்பியோ கிடக்கலாம். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக வெடுக்கென்று உள்ளே இழுக்கும், அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. படகுத்துறைக்குள் நீந்துவதற்குத் தடை இருப்பது படகு மோதும் என்பதற்காக மட்டும் இல்லை. கரையிலிருந்து படகுக்கு எடுக்கும் மின் இணைப்பில் கசிவு இருந்தால், குறிப்பாக நன்னீரில், அது நீந்துபவரின் உடல் வழியாகப் பாயும்.

மீன்பிடிக்கு வருவோம். "லைசன்ஸ் எடுத்துவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 13 வயது ஆகிவிட்டாலே நன்னீரில் மீன்பிடிக்க லைசன்ஸ் கட்டாயம், அதோடு அந்த நீர்நிலைக்கு உரியவரின் அனுமதியும் தனியாக வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் தேர்வு எழுதித் தேறினால்தான் தூண்டிலையே தொடலாம். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மட்டும்தான், அதுவும் செயற்கை இரை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டால் தப்பில்லை என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. விட்டுவிடும் நோக்கத்தோடு வெறும் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பதை சுவிட்சர்லாந்து விலங்கு வதை என்று தடுத்திருக்கிறது.

அளவு விஷயத்தில் தெரியாமல் தப்பு செய்பவர்கள் ஏராளம். டேப்பை மீனின் வயிற்று வளைவின் மேல் ஓட்டி அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். மீனை ஈரமான தட்டைப் பலகையில் படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கு நுனியை அளவுகோலின் முட்டில் இடித்து வைத்து நேராக அளக்க வேண்டும். வால் நுனி வரையா, வால் பிளவு வரையா என்பதை மட்டும் அந்த ஊர் விதியில் பாருங்கள், இரண்டும் வேறு வேறு. குறைந்தபட்ச அளவு மட்டும் அல்லாமல் அதிகபட்ச அளவும் சில மீன்களுக்கு உண்டு, பெரிய தாய் மீன்களைக் காப்பாற்றத்தான் அது. கரையிலேயே தலையை வெட்டித் துண்டு போட்டுவிட்டால், ஆய்வாளர் கேட்கும்போது என்ன மீன், எவ்வளவு நீளம் என்று காட்ட வழியிருக்காது. பல இடங்களில் அதுவே குற்றம்.

நீந்தத் தகுந்த தண்ணீர் என்றால் அதன் மீனும் சாப்பிடத் தகுந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீச்சலுக்குத் தண்ணீரில் கிருமியை அளக்கிறார்கள், சாப்பாட்டுக்கு மீனின் சதையில் சேர்ந்த ரசாயனத்தைப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் தொழிற்சாலைகள் 1977 வரை பிசிபி என்ற ரசாயனத்தைக் கலந்தன. இன்னமும் ஆற்றின் மேல்பகுதியில் பிடிக்கும் மீனைச் சாப்பிடவே வேண்டாம் என்பதுதான் அறிவுரை. அது கொழுப்பில் தங்கும் பொருள், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

மிச்ச இரையை ஆற்றிலேயே கொட்டுவது தாராள குணம் மாதிரி தெரியும். இரை வாங்கிய வாளியில் வேறு ஊர் மீன் குஞ்சும் சிப்பி முட்டையும் இருந்தால், இந்த ஆற்று மீனுக்கு அதுவே எமன். தூண்டில் நரம்பு அறுந்தால் எடுக்க முடிந்ததை எல்லாம் சுருட்டி எடுத்துப் போங்கள், பறவையின் காலும் நீந்துபவரின் கணுக்காலும் அதில்தான் சிக்கும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான் பிரிட்டன் 1987இல் சின்ன ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை போட்டது. தூண்டிலை வீசுவதற்கு முன், பின்னால் ஆள் வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள், தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். கார்பன் ஃபைபர் தூண்டில் கம்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். முதலில் அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள், பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்திலோ பாலத்திலோ எண் எழுதியிருந்தால், இடம் தெரிய அதைச் சொல்லுங்கள். கரையில் தொங்கும் மிதவை வளையத்தை எடுத்து, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆளின் தலைக்குக் கொஞ்சம் அப்பால் விழும்படி எறிந்து, மெதுவாக அவர் பக்கம் இழுங்கள்.